கிருமி செத்த பிறகு பிறக்கும் நஞ்சு

"ஆஸ்பத்திரிக் கழிவை எப்படியும் எரிக்கத்தானே போகிறார்கள்? பின்பக்கம் குழி வெட்டிக் கொளுத்தினால் ஆகாதா, இதற்கு ஓர் உலை வேறு வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

கிருமியைக் கொல்வது மட்டும் நோக்கமென்றால் தீயே தேவையில்லை. ஆட்டோகிளேவ் என்ற மூடிய கலனில் 121 டிகிரி அழுத்த நீராவி போதும். ஆனால் அறுவை சிகிச்சையில் நீக்கிய உறுப்பு, நஞ்சுக்கொடி, ரத்தம் தோய்ந்த பஞ்சு எல்லாம் மஞ்சள் பையில் கட்டி எரியுலைக்குப் போகின்றன. முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி. ஈரம் வற்றும், பிறகு சதையும் பஞ்சும் சிதைந்து புகையாகும். அந்தப் புகையே எரியக்கூடிய வாயுதான். அதை இரண்டாம் அறையில் சுமார் 1050 டிகிரியில் குறைந்தது 2 நொடி நிறுத்தி எரிக்க வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகள்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை, எனக்குப் பிடித்த வேதியியலே இங்கேதான் தொடங்குகிறது. தலைப்பில் சொன்ன நஞ்சு டையாக்சின். இரண்டு பென்சீன் வளையங்களை ஆக்சிஜன் இணைத்து, ஓரங்களில் குளோரின் ஒட்டிய மூலக்கூறு. 1000 டிகிரியில் அது உடைந்துவிடும். ஆனால் வாயு குளிரும்போது, ஏறக்குறைய 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் நடுவே, மீண்டும் உருவாகிறது! பறக்கும் சாம்பல் துகளில் எரியாத கரி கொஞ்சம் இருக்கும், துளி செம்பும் இருக்கும். குளோரின் அடங்கிய பிளாஸ்டிக்கான பிவிசி எரிந்து வந்த ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து அந்தச் செம்பு குளோரினைப் பிரித்தெடுத்து, கரியின் மேல் ஏற்றிவிடுகிறது. செம்பு வெறும் கிரியா ஊக்கி, செலவாவதில்லை. துகள் அந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு டையாக்சின்.

ஆகவே தங்கவிடக்கூடாது. தண்ணீரைப் பீய்ச்சி வாயுவைச் சட்டென்று 200 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அமிலத்தைக் காரக் கரைசல் கழுவும். தப்பிய டையாக்சினைக் கிளர்வூட்டிய கரி பிடிக்கும். வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். குழித் தீயில் இதில் எது நடக்கும்? தீ பட்டால் எல்லாம் புனிதமாகிவிடும் என்ற நம்பிக்கை பூஜையறையோடு நிற்கட்டும்.

இந்த டையாக்சினை ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும் என்று விட்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. அளக்கும் ஆய்வகங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம். அதைவிட மலிவான வழி வார்டிலேயே இருக்கிறது: பெரும்பாலும் பிவிசியாலான டிரிப்ஸ் குழாயைச் சிவப்புப் பையில் போடுவது. அது எரியுலைக்கே போகாது. ஆட்டோகிளேவில் வெந்து, துண்டாகி, மறுசுழற்சிக்குப் போய்விடும்.