யோவான் என்ற பெயரில் அந்த 'வ' எங்கிருந்து வந்தது?

ரஷ்யர்களின் இவான், இத்தாலியர்களின் ஜொவான்னி, தமிழ் விவிலியத்தின் யோவான். மூன்றும் ஒரே பெயர்தான். மூன்றிலும் நடுவே ஒரு வகரம் இருக்கிறது. ஆனால் மூலப் பெயரில் அந்த இடத்தில் வகரம் கிடையாது. எபிரேயத்தில் அது யோஹானான். அங்கே ஹகரம் நின்ற இடத்தில் இங்கே வகரம் நிற்கிறது. இந்த ஒரு எழுத்தைப் பின்தொடர்ந்து போனாலே, ஒரு பெயர் மொழிவிட்டு மொழி போகும்போது என்னென்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

யோஹானான் ஒரு முழு வாக்கியம். 'யோ' என்பது யாவே என்ற இறைப்பெயரின் குறுக்கம். 'ஹானான்' என்றால் அருள் செய்தார். 'ஆண்டவர் அருளினார்' என்று பொருள். எபிரேயப் பெயர்கள் பலவும் இப்படி எழுவாயும் பயனிலையும் கொண்டவை. துண்டுகளை முன்பின்னாக மாற்றினால் ஹனனியா, பொருள் மாறாது. யாவேக்குப் பதில் 'எல்' என்ற இறைப்பெயரை வைத்தால் எல்ஹானான். எபிரேயத்தின் நெருங்கிய உறவான பினீசிய மொழியைப் பேசியவர்கள் வணங்கிய கடவுள் பாகால். அந்த மொழி பேசிய கார்த்தேஜ் நகரத்தின் தளபதி, ரோமாபுரியை நடுங்கவைத்த ஹன்னிபாலின் பெயர் 'பாகாலின் அருள்'. ஹன்னா என்ற பெண் பெயரும் இதே குடும்பம். இவற்றையெல்லாம் கட்டிப்போடுவது ஹ-ன-ன என்ற மூன்று மெய்கள். இந்த மொழிகளில் வேர்ப்பொருளைச் சுமப்பவை மெய்களே. உயிர்கள் இடத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு பெயரின் வேரைத் தேடுபவர் முதலில் மெய்களைத்தான் எண்ண வேண்டும்.

அந்த முதல் மெய்தான் பிரச்சினை. அது நாம் 'ஹரி' என்னும்போது வரும் மெல்லிய ஹ அல்ல. முஹம்மத் என்ற பெயரின் நடுவே அரபியில் வருவது போல, தொண்டையின் அடியில் காற்றை இறுக்கி உரசவிட்டு எழுப்புவது. கிரேக்கருக்கு அந்த ஒலி இல்லை. அவர்களிடம் இருந்த ஹகரமும் சொல்லின் முதலில் மட்டுமே வரும். ஆகவே பெயர் கிரேக்கத்துக்குள் நுழைந்தபோது நடு ஹகரம் உதிர்ந்தது. வேற்றுமை உருபு ஏற்பதற்கு வசதியாக இறுதியில் 'ஏஸ்' ஒட்டியது. விளைவு: இயோஆன்னேஸ். அந்தத் தொண்டை ஒலியை இழந்து ஹன்னாவும் அன்னா ஆனாள்.

இப்போது 'யோ'வும் 'ஆ'வும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு உயிர்கள் இடையில் மெய்யில்லாமல் மோதினால் நாக்குக்கும் உதட்டுக்கும் சிரமம். தமிழ் படித்தவர்களுக்கு இது பள்ளியிலேயே தெரிந்த விஷயம். மணி + அடி = மணியடி; பூ + அழகு = பூவழகு. 'இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்' என்று நன்னூல் சொல்வது இதைத்தான். உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றைச் சொல்லும்போது உதடு குவிகிறது. குவிந்த உதட்டை விரித்து 'ஆ'வுக்குப் போகும் வழியில் தானாகவே ஒரு வகரச் சாயல் எழும். 'யோ… ஆன்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிறகு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அந்த வகரம் உங்கள் உதட்டிலேயே பிறக்கும். ரஷ்யரும் இத்தாலியரும் நன்னூல் படித்ததில்லை. ஆனால் மனித உதடு எங்கும் ஒன்றுதான். இவானில் இருப்பதும் ஜொவான்னியில் இருப்பதும் நம் யோவானில் இருப்பதும் உடம்படுமெய்யே. இலக்கணம் என்பது வாயின் இயற்பியல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதலெழுத்தின் கதை வேறு. லத்தீனில் அது யகர ஒலி. பழைய பிரெஞ்சு மொழிக்கு வரும்போது நாக்கு மேலண்ணத்தில் இறுகிப் படிந்து, ய என்பது ஜ ஆனது. 1066-இல் பிரான்சின் வடபகுதியைச் சேர்ந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுப் பெயர்கள் அங்கே குடியேறின. ஜான் அந்தப் பழைய ஜகரத்தோடு ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. பிரான்சிலோ 13-ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்த ஜகரத்தின் வல்லோசை தேய்ந்து வெறும் உரசொலி ஆயிற்று. இன்றைய பிரெஞ்சு ழான் (Jean) அதன் விளைவு. கடன் வாங்கிய வீட்டில் பழைய பாத்திரம் பத்திரமாக இருக்க, சொந்த வீட்டில் உருக்கி வேறு செய்துவிட்டார்கள்.

அயர்லாந்துக்குப் பெயர் இரண்டு முறை போனது. முதல் முறை லத்தீன் வழியாக: ஓவன். இரண்டாம் முறை நார்மானியர் வழியாக. அயர்லாந்து மொழியில் ஜகரம் இல்லாததால், இருப்பதில் மிக நெருங்கிய ஷகரத்தைப் போட்டார்கள்: ஷான். இதற்குச் சரியான இணை தமிழிலேயே இருக்கிறது. ஜோசப்பின் போர்த்துகீசிய வடிவம் ஏறக்குறைய 'ஜுசே' என்று ஒலிக்கும். தமிழ்வாய் ஜகரத்தைச் சகரமாக்கி, கடைசி உயிரை ஐகாரமாக்கி, சூசை என்று தன் பெயராகவே ஆக்கிக்கொண்டது.

ஸ்பானிய ஹுவான் பலரை ஏமாற்றும் பெயர். ஹகரம் கேட்கிறதே, எபிரேய ஹகரம் பிழைத்துவிட்டது போலும் என்று தோன்றும். இல்லை. அது முதல் எழுத்தான யகரத்தின் வாரிசு. பழைய ஸ்பானியத்தில் ஷகரம் போல ஒலித்தது, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பின்னோக்கி நகர்ந்து தொண்டைப்பக்கம் போய்விட்டது. எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல், ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டினால் இப்படித்தான் சறுக்கும்.

ஜெர்மானியர் யோஹான்னஸ் என்பதில் இரண்டாம் அசையை அழுத்திச் சொல்வார்கள். அழுத்தம் இல்லாத முதல் அசை காலப்போக்கில் உதிர்ந்து ஹான்னஸ், பிறகு ஹான்ஸ். இங்கே ஹகரம் உண்மையிலேயே மூல ஹகரத்தின் இடத்தில்தான் நிற்கிறது. இடைக்கால லத்தீனில் அந்த எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள், ஜெர்மானியர் எழுதியதை வாய்விட்டுப் படித்தார்கள். ஆங்கிலேயரும் ஜானில் (John) அதை எழுதுகிறார்கள், படிப்பதில்லை.

கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களிடம் யோஹன்னான், உலஹன்னான் என்ற பெயர்கள் உண்டு. ஹகரமும் இருக்கிறது, இரண்டாவது 'னான்' துண்டும் சிதையாமல் இருக்கிறது. காரணம், இவை கிரேக்கத்தைத் தொடாமல் சிரியாக் மொழி வழியே வந்தவை. சிரியாக் எபிரேயத்தின் உறவுமொழி. அந்தத் தொண்டை ஒலி அதற்கும் உண்டு. அரபுக் கிறிஸ்தவர்களின் யூஹன்னாவும் அப்படியே. ஆக, பெயரின் நடுப்பகுதியைப் பார்த்தால் அது எந்தச் சாலையில் வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பெயர்ப்பொருள் பட்டியல்களில் அடிக்கடி காணும் தவறுகள் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். ஜானும் ஜோனத்தானும் ஒன்றல்ல. ஜோனத்தானின் பின்பாதி ந-த-ன என்ற வேர். 'ஆண்டவர் கொடுத்தார்' என்று பொருள். ஜாக் என்பது யாக்கோபின் பிரெஞ்சு வடிவமான ழாக்கைப் (Jacques) போல ஒலித்தாலும் யாக்கோபிலிருந்து வந்தது அல்ல. இடைக்கால ஆங்கிலத்தில் ஜானைச் செல்லமாக ஜான்கின் என்பார்கள், அது ஜாக்கின் ஆகி ஜாக் ஆனது. தமிழில் அன்னம்மாள் இன்னும் நுட்பமானது. ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் அது மரியாளின் தாய் அன்னாவின் பெயர், அதாவது எபிரேய ஹன்னா. வேறொரு வீட்டில் அதே எழுத்துகள் அன்னம் என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம். எழுத்தை மட்டும் பார்த்து வேர் சொல்ல முடியாது. குடும்பத்தின் சமயம், ஊர், பெயர் வைத்த தலைமுறை இவற்றைக் கேட்டறிந்த பிறகே சொல்ல வேண்டும்.

ஒலியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துவருவது இன்னொரு வழி. தமிழ்க் கத்தோலிக்கர் இதை அழகாகச் செய்தார்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள்; அவர் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார்: 'ஹானான்' என்ற சொல்லின் பொருள் நேராக வந்து 'அருள்' என்று நிற்கிறது, கிரேக்கத்தில் தொலைந்த ஹகரத்தைத் தேட வேண்டிய வேலையே இல்லை. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு யோவான், பவுல் என்ற வடிவங்களையே எடுத்துக்கொண்டது. ஆனாலும் அருளப்பனும் சின்னப்பனும் ஆட்பெயர்களாக ஊர்களில் வாழ்கிறார்கள்.

1647-இல் லிஸ்பனில் பிறந்த ஒரு சேசுசபைத் துறவியின் பெயர் ஜுவாவ் தெ பிரித்தோ. ஜுவாவ் என்பது யோவானின் போர்த்துகீசிய வடிவம். அங்கே கடைசி னகரமும் தேய்ந்து மூக்கொலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மறவர் நாட்டுக்கு வந்த அவர் அந்தத் தேய்ந்த ஒலியை விட்டுவிட்டு, தன் பெயரின் பொருளைத் தமிழில் எடுத்துக்கொண்டார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் கொல்லப்பட்டபோது இங்குள்ள மக்களுக்கு அவர் அருளானந்தர்.