நீலகிரியில் ஓடுபவர்கள் தங்கள் ஓட்டத்தைக் குறித்து வைக்க எந்தப் பதிவேட்டைத் தேர்ந்தெடுப்பது?

முழங்கால் வலி என்று பிசியோதெரபிக்கு வரும் ஓட்டக்காரர்களிடம், வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, கடந்த ஆறு வாரத்தில் என்ன ஓடினீர்கள் என்று கேட்டுவிடுவோம். பெரும்பாலானவர்கள் செல்போனை எடுத்து நீட்டுவார்கள். வாரம் 28 கிலோமீட்டர், 30, 29, மறுபடியும் 30. "எதையுமே கூட்டலையே, அப்புறம் ஏன் வலிக்குது?" என்பார்கள். கிலோமீட்டர் கூடவில்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது வாரத்தில் ஊட்டி ஏரிப் பக்கம் ஓடுவதை விட்டுவிட்டு, குன்னூரிலிருந்து பர்லியார் பக்கம் இறங்கி ஓடி, பஸ் பிடித்துத் திரும்பியிருப்பார்கள். அந்த மாற்றம் திரையில் எங்குமே தெரியாது.

சமவெளியில் கிலோமீட்டரை மட்டும் குறித்து வைத்தாலும் ஓரளவு காலம் தள்ளலாம். மலையில் முடியாது. 10 சதவீத ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால், மட்டமான சாலையில் ஆகும் சக்தியைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் செலவாகும். ஏற்றத்தின் கஷ்டத்தை மூச்சே சொல்லிவிடும். நம்மை ஏமாற்றுவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் அதுதான் பிரேக். மூச்சு வாங்காது, இதயத்துடிப்பும் பெரிதாக ஏறாது. பல வாட்ச்களும் ஆப்களும் காட்டும் 'பயிற்சிச் சுமை' இதயத்துடிப்பை வைத்தே போடப்படுவதால், 800 மீட்டர் உயரம் இறங்கிய நாளைக்கூட லேசான ஓட்டம் என்று காட்டிவிடும். தசைவலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும். அதற்குள் அடுத்த ஓட்டம் ஓடி முடித்திருப்பார்கள்.

அதனால் பதிவேடு தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, இறங்கிய மீட்டருக்கு அதில் தனி இடம் இருக்கிறதா என்பது. பல ஆப்களில் ஏறிய மீட்டர் முகப்பிலேயே இருக்கும்; இறங்கியது உள்ளே எங்கோ இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இல்லையென்றால் குறிப்பு எழுதும் கட்டத்தில் நீங்களே எழுத வேண்டும். குறிப்பு எழுதவே இடம் தராத ஆப் நம் ஊருக்கு ஆகாது.

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்:

"செவ்வாய், காலை 6.15. வெலிங்டன் – சிம்ஸ் பூங்கா – வெலிங்டன். 52 நிமிடம். ஏற்றம் 170, இறக்கம் 170. கஷ்டம் 4. வலது முழங்கால் 2, மறுநாள் காலை 0. பழைய ஷூ, ஈரச் சாலை."

இதில் 'கஷ்டம் 4' என்பது 0 முதல் 10 வரை நீங்களே போடும் மதிப்பெண். அமெரிக்க உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் இந்த எண்ணை நிமிடத்தோடு பெருக்கச் சொன்னார். 52 × 4 = 208. அதுதான் அன்றைய சுமை. ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து மதிப்பெண் போடுங்கள். கடைசி ஏற்றத்தில் மூச்சிரைக்க நிற்கும்போது போட்டால் எல்லா ஓட்டமும் 8 ஆகிவிடும். வலிக்கும் அதே 0 முதல் 10 வரைதான், ஆனால் இரண்டு எண்கள் தேவை: ஓடும்போது எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு. 3-க்குள் இருந்து காலையில் அடங்கிவிட்டால் அதே அளவில் தொடரலாம். காலையிலும் அப்படியே இருந்தால் முதலில் குறைக்க வேண்டியது இறக்கத்தை, பிறகுதான் நிமிடத்தை.

ஏற்ற இறக்க எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் காற்றழுத்தமானி இல்லாத செல்போனோடு ஓடினால், பெரும்பாலும் நீங்கள் நின்ற புள்ளிக்கு வரைபடத்தில் என்ன உயரம் இருக்கிறதோ அதையே ஆப் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி சரிவில் வெட்டிய சாலையில் ஜிபிஎஸ் 10 மீட்டர் பக்கவாட்டில் தவறினால், உயரத்தில் கிட்டத்தட்ட 6 மீட்டர் தவறிவிடும். மட்டமாக ஓடியும் ஏற்றம் குவிவது இதனால்தான். கொண்டை ஊசி வளைவுகளிலும் யூகலிப்டஸ் தோப்புக்குள்ளும் புள்ளிகள் வளைவைக் குறுக்கே வெட்டுவதால் தூரம் குறைந்தும் போகும். காற்றழுத்தமானி உள்ள வாட்ச் இதைவிட மேல். ஆனால் மேகம் இறங்கி அழுத்தம் 3 மில்லிபார் மாறினால், ஊட்டி உயரத்தில் அது 30 மீட்டர் பிழை. மலை ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ஊட்டியில் அது ஏறத்தாழ 2,200. அந்தப் பக்கம் போகும்போது பலகையைப் பார்த்து வாட்ச்சைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஒரே கருவியின் எண்ணையே தொடர்ந்து எழுதுவது. இந்த வாரம் செல்போன், அடுத்த வாரம் வாட்ச் என்று மாற்றினால் எந்த வாரத்தையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இதயத்துடிப்பு எண்ணும் தடுமாறும். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால், மணிக்கட்டில் ஒளிவிட்டுப் பார்க்கும் சென்சாருக்குச் சரியான துடிப்பு கிடைக்காது. சில நேரம் காலடி எண்ணிக்கையையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போதே 170 என்று நிலையாக நின்றால் சந்தேகப்படுங்கள். மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டை இருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தக் காலத்தில் கஷ்ட மதிப்பெண்ணை மட்டும் நம்பலாம்.

நோட்டா, எக்செல்லா, ஆப்பா? எங்கள் கருத்து, ஆப் தானாகச் சேகரிக்கட்டும், வாரக் கூட்டலை நீங்கள் கையால் போடுங்கள். நீள நோட்டில் இடப்பக்கம் ஏழு வரி, வலப்பக்கம் வார மொத்தம்: நிமிடம், ஏற்றம், இறக்கம், சுமை. கையால் கூட்டும்போதுதான் போன வாரம் 400 மீட்டர் இறங்கியவர் இந்த வாரம் 1,300 இறங்கியிருப்பது கண்ணில் படும். பென்சிலால் எழுதுங்கள், மழைக்காலத்தில் பேனா மை கரைந்துவிடக்கூடும். செல்போனில் ஷீட் வைத்திருப்பவர்கள் 52:10 என்று அடித்தால் அது 52 மணி 10 நிமிடம் ஆகிவிடும். 0:52:10 என்று அடிக்க வேண்டும், அல்லது வெறும் 52 போதும். 3/4 என்ற தேதி ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பது ஷீட்டின் நாட்டு அமைப்பைப் பொறுத்தது. அதை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆப்பையே முழுக்க நம்புபவர்கள், பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். வேறு ஆப்களிலும் திறக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் (GPX) அல்லது ஃபிட் (FIT) கோப்பாக வெளியே வரவேண்டும். ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய எண்டோமொண்டோ என்ற ஓட்டப் பதிவு ஆப் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெலிங்டன், அருவங்காடு பக்கம் ஓடுபவர்களுக்கு இன்னொன்று. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவு ஆப் வெளியிட்டிருந்த, பயனர்கள் ஓடிய பாதைகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் வெப்ப வரைபடத்தில் பல நாட்டு ராணுவ முகாம்களின் பாதைகள் தெரிந்தது பெரிய செய்தியானது. ராணுவப் பகுதிக்குள் வசிப்பவர்கள் ஓட்டத்தை 'நான் மட்டும்' என்று வைத்து, வெப்ப வரைபடத்துக்குத் தரவு தருவதையும் அமைப்புகளில் நிறுத்திவிட வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றதும் நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தனியாக ஓடும் பெண்கள், தொடங்கும் இடமும் முடியும் இடமும் மறையும்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் நேரடி இருப்பிடத்தைப் பகிரலாம். காட்டுமாடும் கரடியும் நடமாடும் விடிகாலையில் அது அவசியமும்கூட.

கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பயிற்சிக்காக மேலே வருபவர்கள், முதல் பத்து நாளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும், அதே துடிப்புக்கு வேகம் குறையும். கீழே ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டுத் துரத்தாமல், காலையில் படுக்கையில் எடுத்த துடிப்பையும் தூக்கத்தையும் குறித்து வாருங்கள். அந்தத் துடிப்பு வழக்கமான அளவுக்குப் பக்கத்தில் இறங்கி வரும்வரை கஷ்டம் 4-ஐத் தாண்ட வேண்டாம்.

வலி வந்து சிகிச்சைக்குப் போகும்போது கடைசி ஆறு வாரப் பக்கங்களை எடுத்துப் போங்கள். வலி தொடங்கிய நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரம் பின்னால் போய், எந்த எண் திடீரென்று ஏறியது என்று முதலில் நீங்களே பாருங்கள். ஷூ மாற்றிய தேதியும் அங்கே இருக்க வேண்டும்.