உருகும்போதே குளிரும் ஐஸ்

ஒரு டம்ளரில் பொடித்த ஐஸை நிரப்பி அதில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். ஐஸ் லேசாக உருகத் தொடங்கியதும் அளவு 0 டிகிரி செல்சியஸில் வந்து நின்றுவிடும். இப்போது ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் ஆல்கஹாலை அதே அளவுக்கு ஊற்றிக் கலக்குங்கள். (ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும்; பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.) ஐஸ் மளமளவென்று உருகும். தெர்மாமீட்டரோ கீழே இறங்கும், மைனஸ் 10-ஐயும் தாண்டி. டம்ளரின் வெளிப்புறத்தில் காற்றின் ஈரம் வெள்ளையாக உறைந்து படியும்.

ஐஸ் 0 டிகிரியில் இருந்தது, ஆல்கஹால் 4 டிகிரியில் இருந்தது. இரண்டுமே பூஜ்ஜியத்துக்குக் கீழே இல்லை. பிறகு இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?

ஐஸும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஓயாத போக்குவரத்து நடக்கிறது. ஐஸிலிருந்து சில நீர் மூலக்கூறுகள் பிய்த்துக்கொண்டு திரவத்துக்குள் போகின்றன; திரவத்திலிருந்து சில திரும்பி வந்து படிகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. 0 டிகிரியில் போவதும் வருவதும் சமம். அதனால்தான் ஐஸ் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

ஆல்கஹால் சேர்ந்ததும் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் அடிவாங்குகிறது. திரவத்தில் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே இப்போது எத்தனால் (நாம் ஊற்றிய ஆல்கஹால்) மூலக்கூறுகளும் கலந்திருக்கின்றன. ஐஸின் அறுகோண அடுக்குக்குள் எத்தனாலுக்கு இடம் கிடையாது, அது மோதிவிட்டுத் திரும்பிவிடும். ஆக, ஐஸுக்குத் திரும்பி வருபவை குறைகின்றன. கிளம்புபவை பழையபடியே கிளம்புகின்றன. ஐஸ் கரைகிறது.

ஆனால் ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். 80 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைத்தால் கிடைக்கும் அளவு அது. வெளியிலிருந்து அவ்வளவு வேகத்தில் வெப்பம் வந்து சேராது. அதனால் டம்ளரில் இருக்கும் கலவையிடமிருந்தே அது உறிஞ்சப்படுகிறது, கலவை குளிர்கிறது. குளிரக் குளிர ஐஸிலிருந்து கிளம்பும் மூலக்கூறுகளும் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் போவதும் வருவதும் மறுபடி சமமாகிறது. அந்த வெப்பநிலைதான் கலவையின் புது உறைநிலை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: சாதாரணத் தண்ணீரில் ஆல்கஹாலைக் கலந்தால் கலவை லேசாகச் சூடாகும், கையால் தொட்டே உணரலாம். அந்தச் சூட்டையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது ஐஸின் பசி.

உறைநிலை எவ்வளவு இறங்கும்? உப்புக் கரைசல்களில் கரைபொருளின் அளவுக்கு ஏற்ப அது இறங்குவதை 1788-இல் சார்லஸ் பிளாக்டன் கண்டார். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சின் வேதியியலாளர் ரவூல், கரைந்த பொருள் எது என்பதைவிட அதன் மூலக்கூறுகள் எத்தனை என்பதே முக்கியம் என்று காட்டினார். ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் ஒரு நிலையான அளவு), அதாவது 46 கிராம் எத்தனால் சேர்த்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். அதே இறக்கத்துக்குச் சர்க்கரை 342 கிராம் வேண்டும், அதன் மூலக்கூறு அவ்வளவு கனம். சாப்பாட்டு உப்போ இரண்டு அயனிகளாகப் பிரிவதால் ஏறக்குறைய 30 கிராமே போதும். எடைக்கு எடை பார்த்தால் உப்புதான் கெட்டி. ஆனால் மைனஸ் 21-ஐத் தாண்டி அதனால் இறங்க முடியாது. அதற்குக் கீழே உப்பும் நீரும் சேர்ந்தே திண்மமாகிவிடும். எத்தனால் தண்ணீருடன் எந்த விகிதத்திலும் கலக்கும், அது தனியாக உறைவதும் மைனஸ் 114-இல்தான். அதனால் அது வெகுதூரம் இறங்கும்.

சரி, எதிர்த்திசையில் போவோம். ஆல்கஹால் கலந்த நீரை ஃப்ரீசரில் வைத்தால் அது ஒரே புள்ளியில் உறையாது. முதலில் உருவாகும் ஐஸ் கிட்டத்தட்ட சுத்தமான தண்ணீர். ஒதுக்கப்பட்ட ஆல்கஹால் மிச்சத் திரவத்தில் சேர்ந்து அதைச் செறிவாக்கும். செறிவு கூடினால் உறைநிலை இன்னும் இறங்கும். 5 சதவீத பீர் சுமார் மைனஸ் 2-இல் உறையத் தொடங்குகிறது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18-இலும் அதில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் திரவம் மிஞ்சும். மற்றதெல்லாம் ஐஸ், அதுவும் கன அளவில் 9 சதவீதம் பெருத்த ஐஸ். பாட்டில் வெடிக்க அது போதும். 40 சதவீத வோட்கா மைனஸ் 20-க்கும் கீழேதான் உறையத் தொடங்கும் என்பதால் அதே ஃப்ரீசரில் திரவமாகவே இருக்கும்.

உறையவைத்து ஐஸை எடுத்துவிட்டு மதுவைச் செறிவாக்கும் பழைய முறை வட அமெரிக்காவில் ஆப்பிள் சைடருக்கு (புளிக்கவைத்த ஆப்பிள் சாறு) பயன்பட்டது. காய்ச்சி வடிக்கும்போது தொடக்கத்தில் வருவதைக் கொட்டிவிடலாம்; இங்கே அப்படிக் கழிக்க வழி இல்லை. நச்சான மெத்தனால் போன்ற வேண்டாதவையும் சேர்ந்தே செறிவாகும். அதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால், குளிர்காலத்தைத் தாண்ட சில பூச்சிகள் உடலில் சேர்த்துக்கொள்ளும் கிளிசரால், இரண்டுமே வேதியியல்படி ஆல்கஹால்கள்தான். வேலை செய்வதும் இதே வழியில். பாதரசம் மைனஸ் 39-இல் உறைந்துவிடுவதால் கடுங்குளிரை அளக்க ஆல்கஹால் தெர்மாமீட்டர்தான் கைகொடுக்கிறது.

வீட்டில் பயன்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பங்கு தண்ணீரும் ஒரு பங்கு மருத்துவ ஸ்பிரிட்டும் கலந்து, கசியாத பையில் ஃப்ரீசரில் வைத்தால் கல்லாக இறுகாமல் கூழாக இருக்கும். சுளுக்கிய முழங்காலில் வளைந்து படியும். ஆனால் 0 டிகிரியில் இருக்கும் ஐஸைவிட அது குளிர்ச்சியானது. துணி சுற்றாமல் தோலில் வைக்காதீர்கள்.