கலைவதற்காகவே எழுதப்பட்ட கல்லறை: பார்பத் கோல்ஷிரியைக் காட்சிப்படுத்துவோர் கவனத்துக்கு

எழுத்துகளைத் துளைகளாக வெட்டிய இரும்புத் தகடு ஒன்று. அதைத் தரையில் கிடத்தி, மேலே புகைக்கரியைத் தூவி, தகட்டை எடுத்துவிட்டால் கல்லறை வாசகம் தரையில் நிற்கும். காற்று அதைக் கலைக்கும், மழை கழுவும். வேண்டியவர்கள் வந்து மறுபடி தூவ வேண்டும். ஈரானியக் கலைஞர் பார்பத் கோல்ஷிரி 2012இல் செய்த 'தலைப்பிடாத கல்லறை' இதுதான். கல் வைக்க அனுமதி மறுக்கப்பட்ட ஒருவருக்காகச் செய்தது.

இதுபோன்ற படைப்பு ஒரு கண்காட்சிக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, கரி கலையாமல் இருக்க ஒட்டுத் திரவம் தெளித்துவிடலாம் என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். கெட்டிப்பட்ட கரி நிரந்தரக் கல்வெட்டாகிவிடும். அந்த நிரந்தரத்தைத்தான் அரசு அந்த இறந்தவருக்கு மறுத்தது. மறுக்கப்பட்டதை நாமே தந்துவிட்டால், மறுப்பு நடந்த தடயமே அழிந்துபோகும்.

இந்தப் பொருள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். கோல்ஷிரி 1982இல் தெஹ்ரானில் பிறந்தவர். தந்தை ஹூஷங் கோல்ஷிரி, தணிக்கையோடு வாழ்நாளெல்லாம் மோதிய நாவலாசிரியர். 2000இல் இறந்த அவர் கராஜ் நகரின் இமாம்சாதே தாஹிர் இடுகாட்டில் அடக்கமானார். 1998இல் கொலை செய்யப்பட்ட எழுத்தாளர் சங்கத்தினர் முகமது மொக்தாரியும் பூயாந்தேவும் அங்கேதான் இருக்கிறார்கள். கவிஞர் அஹ்மத் ஷாம்லூவும் அங்கேதான். அவருடைய கல்லறைக் கல் ஒருமுறை அல்ல, பலமுறை உடைக்கப்பட்டது. தெஹ்ரானின் தென்கிழக்கே காவரான் நிலத்தில், 1988இல் தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகள் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டார்கள். குடும்பங்கள் அங்கே கல் நட முடியாது. 2009இல் அந்த நிலத்தில் புல்டோசரும் ஓடியது. இறந்தவர் பெயரை எழுதுவதே அரசியலாகிப்போன இடத்திலிருந்துதான் அந்தத் தகடு வருகிறது.

இனி வேலை. புகைக்கரியில் உள்ள கட்டிகளை நசுக்கி, மெல்லிய சல்லடையால் சலித்துக்கொள்ளுங்கள். தரை மட்டமாக இருக்கட்டும். தகட்டுக்கும் தரைக்கும் இடையே இடைவெளி இருந்தால் கரி உள்ளே ஊர்ந்து எழுத்தின் விளிம்பு மங்கும். மெல்லிய ஒரு படலம் போதும். குவித்தால் தகட்டைத் தூக்கும்போது சரிந்துவிடும். இருவர் இரு முனையைப் பிடித்து நேர் மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. பாரசீக எழுத்தில் சுழிகள் அதிகம். சுழியின் உட்பகுதியைத் தாங்க வெட்டாமல் விட்ட சிறு பாலங்கள் இருக்கும். தகடு வளைந்தால் முதலில் போவது அவைதான். புகைக்கரி நுரையீரலுக்கு ஆகாது, ஆகவே என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஏசி காற்று தரையில் படாதபடி திருப்பிவிடுங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினால் அறை முழுக்கப் பறக்கும். ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம்தான் சரி. துப்புரவுப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் இரவே எல்லாம் சுத்தமாகிவிடும்.

படைப்பின் நிலையைப் பதியும் நிலை அறிக்கையில் தகட்டின் துரு, வளைவு, கீறலை வழக்கம்போல் பதியலாம். கரியின் இழப்பைச் 'சேதம்' என்று எழுதாதீர்கள். எப்போது, யார், எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதைக் கலைஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், காப்பீட்டை விடவும் இந்தத் தாள் முக்கியம்.

அந்த வாசகத்தில் முழுப் பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டுமே. இணையத்தில் தேடிப் பெயரை நிரப்பி விளக்கப் பலகையில் போடும் ஆர்வம் சிலருக்கு வரும். அது ஆய்வு அல்ல, ஈரானில் இருக்கும் உறவினர்களை ஆபத்தில் தள்ளுவது. மறைத்தது மறைந்தே இருக்கட்டும்.

படங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. ஈரானிலிருந்து வரும் கல்லறைப் படங்களைப் பகிருமுன் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள்: பக்கத்துக் கல்லின் பெயர், பின்னால் நிற்பவர் முகம், தலைமுக்காடு அணியாத பெண், இவையெல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கும். கலைஞர் எழுதாத அரசியல் வாக்கியத்தை அவர் வாயில் திணித்து, அவர் கணக்கையும் இணைத்துப் பதிவிடுவது இன்னும் மோசம். விசாரணையில் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லப்போவது நாம் அல்ல. விளக்கக் குறிப்பின் வரைவை அச்சுக்கு முன் அவரிடம் அனுப்புங்கள். அவர் வெட்டிய வரியைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.