தண்ணீரில் உடையும் சிவப்புக் கூரை

பாரிஸுக்குப் பக்கத்தில், சேன் ஆற்றங்கரையில் அர்ஜான்தேய் என்று ஓர் ஊர். ஓவியர் க்ளோத் மொனே 1871 கடைசியில் அங்கே குடிபோனார். அடுத்த ஆண்டு வாக்கில் அவர் வரைந்த 'அர்ஜான்தேயில் படகுப் போட்டி' படத்தை எத்தனை முறை பார்த்தாலும் என் கண் முதலில் கீழ்ப்பாதிக்குத்தான் போகும். மேலே வெள்ளைப் பாய்கள், வலது கரையில் சிவப்புக் கூரை வீடு, பச்சை மரங்கள், எல்லாம் அடையாளம் தெரிகிற மாதிரி இருக்கின்றன. கீழே ஆற்றிலோ அதே வீடு துண்டுதுண்டாகக் கிடக்கிறது: ஒரு பட்டை சிவப்பு, அதை ஒட்டி ஒரு பட்டை பச்சை, இடையிடையே நீலம், பாயின் பிம்பம் வெள்ளைத் துண்டுகளாக. பெயின்ட்டை ஒன்றோடொன்று குழைக்காமல், தூரிகையால் இழுத்த தடத்தை அப்படியே விட்டிருக்கிறார்.

தள்ளி நின்று பார்த்தால் நிறங்கள் கண்ணுக்குள் கலந்து தண்ணீராகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். இந்தப் படத்துக்கு அது பொருந்தாது என்பேன். நல்ல பார்வை உள்ள கண், 3 மீட்டர் தூரத்திலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியைக்கூடப் பிரித்துப் பார்த்துவிடும். மொனேயின் பட்டைகள் அதைவிடப் பல மடங்கு அகலம், படமே 48க்கு 75 சென்டிமீட்டர்தான்.

சரி, பிறகு எப்படித் தண்ணீராகத் தெரிகிறது? ஆறே அப்படித்தான் இருக்கிறது. அசையாத தண்ணீர் ஒரே கண்ணாடி, கூரையைத் தலைகீழாக முழுசாகக் காட்டும். லேசாகக் காற்று பட்டால் போதும், அது ஆயிரக்கணக்கான சாய்ந்த குட்டிக் கண்ணாடிகளாகிவிடும். கண்ணாடி 5 டிகிரி சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி 10 டிகிரி திசைமாறும், அதனால் சின்ன அலைகூடப் பெரிய வித்தியாசம் காட்டும். நம் பக்கம் சாய்ந்த சரிவில் உயரத்து வானம் தெரியும், அதன் மறுபக்கச் சரிவில் கரையோரக் கூரை தெரியும், அடுத்த அலையில் மறுபடி வானம், மறுபடி கூரை. இப்படி ஒரே கூரை பல அலைகளில் திரும்பத் திரும்ப வருவதால்தான் சிவப்பு கரையோடு நிற்காமல் நம்மை நோக்கி நீண்டு வருகிறது. கிட்டே உள்ள அலைகள் அகலமாகவும் தூரத்து அலைகள் மெல்லிய கோடுகளாகவும் தெரியும். படத்திலும் அடியோரம் பட்டைகள் தடிமன், கரை பக்கம் போகப் போக மெலிகின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம். ஜன்னலோரம் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பின்னால் ஒரு சிவப்பு டப்பாவை வையுங்கள். அப்புறம் கண்ணை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு மெல்ல ஊதுங்கள். டப்பாவின் பிம்பம் அறுந்து அறுந்து உங்கள் பக்கம் நீளும்.