ஆப்பில் நட்சத்திரம் குவிகிறது, நோட்டில் பிழை குறையவில்லை

நான்கு சொற்களைக் காட்டி அதில் சரியானதைத் தொடச் சொல்வது எழுத்துப் பயிற்சி ஆகாது. இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை, இந்த வாரம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்ததால் உட்கார்ந்து எழுதியே விடுகிறேன்.

கற்றலில் சிரமப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வந்திருந்தவன் மூன்றாம் வகுப்புப் பையன். தினமும் தமிழ் ஆப்பில் விளையாடுகிறான், நட்சத்திரம் நட்சத்திரமாக வாங்கி வைத்திருக்கிறான். அவன் அம்மா டேபைத் திறந்து அதையெல்லாம் காட்டிவிட்டு, "ஆனா ஸ்கூல் டிக்டேஷன்ல மட்டும் ஒண்ணுமே வர மாட்டேங்குது மேடம்" என்றார். பென்சிலைக் கொடுத்து 'விளக்கு' எழுதச் சொன்னேன், 'வெலக்கு' என்று எழுதினான். அதே சொல்லை ஆப்பில் காட்டினேன், யோசிக்காமல் சரியான பெட்டியைத் தொட்டான்.

பையன் மேல் தப்பே இல்லை. கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது ஒரு திறன், ஒன்றும் கண் முன்னால் இல்லாதபோது மனதிலிருந்து எழுத்து எழுத்தாக எடுத்து வைப்பது வேறொரு திறன். முதலாவதைப் பழக்கினால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் நான் தினமும் மோதிக்கொள்ளும் நம்பிக்கை. நான்கு பெட்டிகளில் இரண்டு பார்த்ததுமே தள்ளிவிடக்கூடியவை, மிச்சம் இரண்டில் ஒன்றைத் தொட்டால் பாதி வாய்ப்பு, தப்பானால் சிவப்பு விழும், உடனே அடுத்ததைத் தொடலாம், அதற்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. இதில் குழந்தை எந்த எழுத்தை நினைவிலிருந்து எடுத்தது? ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மதிப்பெண் 90 வந்தாலும் 100 வந்தாலும் அது தொட்டதற்கான மதிப்பெண், எழுதியதற்கானது இல்லை. தயவுசெய்து அந்த எண்ணை வைத்துக் குழந்தையைப் பாராட்டவும் வேண்டாம், பள்ளியில் மட்டும் ஏன் வரவில்லை என்று திட்டவும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த விளையாட்டுகள் சரியான வடிவத்தோடு 'வெளக்கு', 'விலக்கு', 'விழக்கு' எல்லாவற்றையும் அதே அளவில், அதே அழகான எழுத்துருவில் காட்டுகின்றன. தவறான வடிவங்களைப் பார்த்த பிறகு அதே சொற்களை எழுதும்போது பிழை கூடுவதைக் கல்லூரி மாணவர்களிடமே ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சரியான வடிவமே இன்னும் மனதில் பதியாத ஏழு வயதுக் குழந்தைக்கு இது எதற்கு?

சரி, தொட வைக்காமல் டைப் பண்ண வைக்கிறோமே என்பார்கள். நல்லதுதான், ஆனால் எந்தக் கீபோர்டில்? ஆங்கில எழுத்தில் 'பழம்' என்பதை எப்படியோ தட்டினால் மேலே பழம், பலம், பாலம் என்று வரிசையாக வருகிறது, குழந்தை முதலில் இருப்பதைத் தொடுகிறது. மறுபடியும் அதே நான்கு பெட்டிதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. பரிந்துரை காட்டுவதையும், தானே திருத்துவதையும் அமைப்புகளில் போய் அணைத்துவிட்டு, நேரடியாகத் தமிழ் எழுத்துகள் இருக்கும் விசைப்பலகையில் பழக்குங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 நல்ல தேர்வு, க-வுக்குப் பிறகு இ தட்டினால் கி வரும், உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவது குழந்தையின் விரலுக்கே புரியும். ஆனால் கவனம், அதே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும், ந்த, ம்ப, ண்ட போன்றவற்றுக்கும் அப்படித்தான். புள்ளியை விட்டுவிட்டு எழுதும் குழந்தைக்கு அந்தப் பிழை திரையில் தெரியவே தெரியாது, காகிதத்தில்தான் பார்க்க முடியும்.

குரலில் சொல்லச் சொல்லக் குழந்தை டைப் செய்யும் மென்பொருள்கள் எவ்வளவோ மேல். அதிலும் ஒரு சிக்கல். நம்மில் பெரும்பாலோர் பேசும்போது ர, ற இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன, ன, ண வேறுபாடும் பலர் வாயில் இல்லை. 'அறை' என்று மட்டும் சொன்னால் அது அரையா, அறையா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? பனி, பணி, கரி, கறி எல்லாம் அப்படித்தான். "அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அறை." இப்படி ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் சொல்லை எழுதச் சொல்ல வேண்டும், அதைச் செய்யாத மென்பொருளை ஒதுக்கிவிடுங்கள். இலையை 'எலை' என்றும் உலகத்தை 'ஒலகம்' என்றும் எழுதும் குழந்தை தான் பேசுவதை அப்படியே எழுதுகிறது, காது நன்றாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எழுதும்போது வேறு வடிவம் என்பதை அந்தக் குழந்தைக்கு உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், தப்பு என்று சிவப்பில் காட்டினால் மட்டும் போதாது.

அப்புறம், மென்பொருள் தப்பு என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். 'ஔவை' என்பதை ஒ, ள, வை என்று மூன்றாகத் தட்டினாலும் திரையில் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு குறியீடுகள். பார்க்கச் சரியாக இருப்பதை ஏன் தப்பு என்கிறது என்று புரியாமல் அழுத குழந்தையைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

என்னதான் செய்வது என்று கேட்கிறீர்களா? காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஆங்கி (Anki) என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று இருக்கும் அதன் அட்டையில் உங்கள் குரலிலேயே சொல்லைப் பதிவு செய்யலாம், விடையைத் தட்டச்சு செய்யும்படி அமைக்கலாம், எந்த எழுத்தில் பிசகியது என்று அதுவே ஒப்பிட்டுக் காட்டும், தப்பான சொல்லைச் சீக்கிரமும் தெரிந்த சொல்லைத் தள்ளியும் மறுபடி கேட்கும். சொற்களை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள், குழந்தையின் நோட்டில் இருக்கும் பிழைகளிலிருந்து எடுங்கள். வாரத்துக்கு ஆறு, ஏழு சொல் போதும், எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். இந்த வாரம் ற்ற என்றால் காற்று, நாற்று, சேற்றில், கிணற்றில். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, மறைத்து, தட்டி, ஒப்பிட்டு, கடைசியாக நோட்டில் ஒரு முறை கையால் எழுத வேண்டும். அந்தக் கடைசி வேலையைத் தவிர்க்கவே கூடாது, தேர்வு இன்னும் காகிதத்தில்தான் நடக்கிறது.

ஹைடெக் ஆய்வகம் இருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு: ஒரு கணினியில் மூன்று பேரை உட்கார வைத்தால் ஒருவன் தட்டுவான், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், எழுதத் தெரியாத குழந்தை எப்போதும் அந்த இருவரில் இருக்கும். முறை வைத்து மாற்றுங்கள்.

"எப்படியும் கம்ப்யூட்டர் பிழையைத் திருத்திவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு" என்று படித்த அப்பாக்களே கேட்கிறார்கள். பல்லிக்குப் போனேன் என்று எழுதினால் சொல்லைச் சொல்லாகப் பார்க்கும் பிழைதிருத்தி வாயே திறக்காது, பல்லியும் சரியான சொல்தானே. மலை, மழை, அலை, அழை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நான் சொன்ன மாதிரி ஒழுங்காக மூன்று, நான்கு மாதம் செய்தும் மாற்றம் இல்லை, வாசிப்பதும் திக்கித் திணறித்தான் வருகிறது என்றால் இன்னொரு ஆப் தேடாதீர்கள். டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டவை, முறையான மதிப்பீடு செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசுப் பள்ளிக் குழந்தை என்றால் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே கேளுங்கள். போகும்போது குழந்தையின் பழைய தமிழ் நோட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள், அதில் இருக்கும் பிழைகளைப் பார்த்தால்தான் எங்கே தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியும்.