கிரீன்வாஷிங்: பசுமைக் கழுவலா, பச்சைப் பூச்சா?

இப்போ எந்தக் கடைக்குப் போனாலும் சோப்பு, ஷாம்பு, டீத்தூள், பைன்னு எல்லாத்துலயும் ஒரு இலைப் படத்தைப் போட்டு "ஈகோ ஃபிரெண்ட்லி"ன்னு எழுதிருக்கு, அதுல எது நெஜம் எது சும்மான்னு தெரியாமத்தான் வாங்கிட்டு வர்றோம். அந்த சும்மாவுக்குத்தான் கிரீன்வாஷிங்னு பேரு. பொருளையும் மாத்தறதில்ல, தயாரிக்கிற முறையையும் மாத்தறதில்ல, விளம்பரத்துல மட்டும் இயற்கைக்கு நல்லவங்களா ஆயிடறது.

இந்த வார்த்தையைக் கொண்டுவந்தவர் ஜே வெஸ்டர்வெல்ட்னு ஒரு அமெரிக்கர். 1983-ல ஃபிஜி தீவுல ஒரு ரிசார்ட்டுல ஒரு அட்டையைப் பார்த்திருக்கார், "கடலையும் பவளப்பாறையையும் காப்பாத்தணும், அதனால டவலைத் திரும்பப் பயன்படுத்துங்க"ன்னு. அதே ரிசார்ட் அப்போ புதுசு புதுசா குடில் கட்டி கரையை வளைச்சுக்கிட்டு இருந்துச்சு. டவல் துவைக்கிற செலவு மிச்சம், பேரு மட்டும் பவளப்பாறைக்கு! 1986-ல எழுதின ஒரு கட்டுரையில இதைக் கிரீன்வாஷ்னு சொன்னார்.

தமிழ்ல சிலர் இதை "பசுமைக் கழுவல்"னு எழுதறாங்க, எனக்கு அது சுத்தமா ஒப்புக்கல. அந்த வார்த்தை ஒயிட்வாஷ்ல இருந்து வந்தது, ஒயிட்வாஷ்னா கழுவறது இல்ல, சுண்ணாம்பு அடிக்கிறது, அழுக்குச் சுவத்து மேல மெல்லிசா ஒரு பூச்சு. பசுமைக் கழுவல்னு சொன்னா இருக்கிற பசுமையைக் கழுவி விட்ட மாதிரில்ல அர்த்தம் வருது. "பசுமைப் பூச்சு" பரவாயில்ல. ஆனா நான் "பச்சைப் பூச்சு"ன்னுதான் சொல்வேன், ஏன்னா பசுமைங்கிறது உள்ள இருக்கிற தன்மை, செழிப்பு, அதை எடுத்து மேல பூச முடியாது, பூச முடியறது வெறும் பச்சை நிறம்தான். பூசி மெழுகறதுன்னு நம்ம பேச்சுல ஏற்கனவே இருக்கிறதால கேட்ட உடனே விஷயம் புரிஞ்சிடும்.

பச்சை கலர் அட்டை போட்டாலே தப்பான்னா, இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர்ல இதுக்குன்னே வழிகாட்டு விதி கொண்டுவந்துச்சு, ஏமாத்தற மாதிரி இல்லாத வரைக்கும் பொதுவான கலரும் படமும் இதுல சேராதுன்னு அதுலயே இருக்கு. ஆனா "இயற்கையானது", "ஈகோ ஃபிரெண்ட்லி"ன்னு மொட்டையா எழுதக்கூடாது, எதை வச்சு சொல்றோம்னு விளக்கமும் ஆதாரமும் வேணும். சொல்றது முழுப் பொருளுக்கா, அட்டைப் பெட்டிக்கு மட்டுமான்னும் தெளிவா போடணும். இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கிறேன், ஏன்னா பாதி ஏமாத்து நடக்கிறதே அங்கதான்.

நானே ஏமாந்திருக்கேன். ஒரு கடையில துணிப்பைன்னு காசு குடுத்து வாங்கினது வீட்டுக்கு வந்து பார்த்தா நான்-ஓவன் பை. பார்க்க துணி மாதிரியே இருக்கும், ஆனா நெய்ததே இல்ல, பாலிப்ரொப்பிலீன் இழையைச் சூடுபண்ணி ஒட்டினது, அதாவது பிளாஸ்டிக். நுனியைப் பத்தவச்சா உருகி உருண்டையாகும், பருத்தின்னா சாம்பலாகும். தமிழ்நாட்டுல 2019-ல தடை பண்ணின பிளாஸ்டிக் பட்டியல்ல இதுவும் இருந்துச்சு, இருந்தும் மேல மரம் படம் அச்சடிச்சு விக்கிறாங்க. நெஜமாவே பருத்தியில மஞ்சப்பை தைச்சு விக்கிறவங்களுக்கு இதனால எவ்ளோ நஷ்டம், அவங்க பை விலை கூடத்தான இருக்கும்.

அதனால பசுமைத் தொழில் பண்றவங்க விளம்பரத்துல சின்னதா சொன்னாலும் சரியா சொல்லுங்க. "பை 100 சதவீதம் பருத்தி, உள்ள இருக்கிற பாக்கெட் மட்டும் பிளாஸ்டிக், அதுக்கு மாத்து இன்னும் கிடைக்கல"ன்னு பொருள் மேல எழுதியிருந்தா நான் தைரியமா வாங்குவேன்.